ஆண்-பெண் நட்பில் ஈர்ப்பு: அது என்ன, ஏன் வருகிறது, வந்தால் என்ன செய்வது

நன்றாகப் பழகிக்கொண்டிருந்த தோழியோ தோழனோ ஒருநாள் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பிக்கிறார். அவர் மெசேஜ் வந்தால் மனம் துள்ளுகிறது, பதில் தாமதமானால் சுருங்கிப்போகிறது. உடனே எழும் கேள்வி, "இது காதலா?" என்பது. இளம் வயதில் இந்தக் கேள்வியோடு தூக்கத்தைத் தொலைப்பவர்கள் ஏராளம். அதற்குப் பதில் தேடும் முன்பு இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒன்று, ஈர்ப்பில் பல வகை உண்டு. இரண்டு, உங்களுக்குள் எழும் ஈர்ப்பு உங்கள் மனதைப் பற்றித்தான் சொல்லும். எதிரில் இருப்பவரின் மனதில் என்ன இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. இந்த இரண்டாவதை மறந்துவிடுவதால்தான் நல்ல நட்புகள் பலவும் முறிகின்றன.

ஈர்ப்பின் நான்கு வகைகள்

ஆண்-பெண் நட்பை ஆராய்ந்த ஹெய்டி ரீடர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நண்பர்களுக்கிடையே உள்ள ஈர்ப்பை நான்காகப் பிரித்தார். தொடங்குபவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பிரிப்பு கிடைப்பது அரிது.

முதலாவது நட்பு ஈர்ப்பு. அவரோடு பேசப் பிடிக்கும், அவர் யோசிக்கும் விதம் பிடிக்கும், பக்கத்தில் இருந்தால் இயல்பாக இருக்க முடியும். ஏறக்குறைய எல்லா நட்பிலும் இது இருக்கும். இல்லாவிட்டால் அது நட்பே ஆகியிருக்காது. இரண்டாவது காதல் ஈர்ப்பு. இந்த உறவு நட்பிலிருந்து நகர்ந்து காதலாக வேண்டும் என்ற விருப்பம் அது. மூன்றாவது உடல் ஈர்ப்பு. அவர் அருகில் வரும்போது உடம்பு உணரும் இழுப்பு. நான்காவது, "அழகாகத்தான் இருக்கிறார்" என்று ஒப்புக்கொள்வது மட்டும். மற்றவர்கள் ஏன் அவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குப் புரியும், ஆனால் உங்களுக்குள் எதுவும் அசையாது.

இந்த நான்கும் சேர்ந்தே வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காதல் ஈர்ப்பு சிறிதும் இல்லாமல் உடல் ஈர்ப்பு மட்டும் சில வாரங்கள் இருந்துவிட்டுப் போகலாம். நட்பு ஈர்ப்பு மிகவும் ஆழமாக இருப்பதையே காதல் என்று எண்ணிக்கொள்பவர்களும் உண்டு. ரீடரின் ஆய்வில் நட்பு ஈர்ப்பே மிகப் பரவலாகக் காணப்பட்டது, காதல் ஈர்ப்பு மிகக் குறைவாக. பழகப் பழக நட்பு ஈர்ப்பு கூடுவதும், மற்றவை தணிவதும்தான் அங்கே அதிகம் தெரிந்தது. நண்பர்மேல் ஒருமுறை ஈர்ப்பு வந்துவிட்டால் இனி அந்த நட்பு பழையபடி இருக்காது என்ற பயத்துக்கு இது நேரடியான பதில். வரும், போகவும் செய்யும்.

உங்களுடையது எந்த வகை என்று அறிய சில கேள்விகள் உதவும். அவருக்கு வேறு ஒருவரோடு காதல் கைகூடிவிட்டது என்று நாளை கேள்விப்பட்டால் முதலில் என்ன தோன்றும்? சந்தோஷமும், "இனி நம்மோடு பேச நேரம் இருக்குமா" என்ற சின்ன வருத்தமும் என்றால் அது பெரும்பாலும் நட்பு. வயிற்றில் ஒரு பிசைவும் அந்த மூன்றாவது ஆள்மேல் காரணமில்லாத எரிச்சலும் என்றால் வேறு ஏதோ இருக்கிறது. அடுத்து, அவரிடம் உங்களுக்குப் பிடிக்காத மூன்று குணங்களை உடனே சொல்ல முடிகிறதா? ஒன்றுகூட வாயில் வரவில்லை என்றால் நீங்கள் பார்ப்பது அந்த நபரை இல்லை, உங்கள் மனம் வரைந்து வைத்த படத்தை. கடைசியாக, அவரோடு ஒரு வருடம் காதலராக இருப்பதைக் கற்பனை செய்யுங்கள். சண்டை, பணக் கணக்கு, இரண்டு பேரின் குடும்பங்கள், சலிப்பான மாலைகள் எல்லாவற்றையும் சேர்த்து. அந்தக் கற்பனை இனிக்கிறதா, அல்லது "ஐ லவ் யூ" சொல்லும் காட்சியோடு நின்றுவிடுகிறதா?

நண்பர்மேல் ஏன் வருகிறது

ஈர்ப்பு உருவாகத் தேவையான பொருட்கள் அனைத்தும் நட்பிலேயே இருக்கின்றன என்பதுதான் காரணம். வராமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

முதல் பொருள், அடிக்கடி பார்ப்பது. ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அதன்மேல் விருப்பம் கூடுகிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஜயான்ஸ் 1968-இல் காட்டினார். மனிதர்களுக்கும் அது பொருந்தும் என்பதை 1992-இல் மோர்லண்ட், பீச் இருவரும் ஒரு கல்லூரி வகுப்பில் சோதித்தார்கள். தோற்றத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியான நான்கு பெண்கள். ஒருவர் அந்த வகுப்புக்கு வரவே இல்லை. மற்ற மூவர் முறையே 5, 10, 15 முறை வந்து உட்கார்ந்தார்கள். யாரிடமும் பேசவில்லை. பருவ முடிவில் மாணவர்களுக்கு நால்வரின் புகைப்படங்களையும் காட்டியபோது, அதிக முறை வந்தவரே அதிகம் ஈர்க்கிறார் என்று மதிப்பிட்டார்கள். ஒரு வார்த்தைகூடப் பேசாமலேயே இப்படி என்றால், தினமும் பக்கத்தில் அமர்ந்து அரட்டை அடிக்கும் நண்பர் விஷயத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, மனம் திறப்பது. ஆர்தர் ஆரனும் அவர் குழுவினரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இருவரை எதிரெதிரே உட்காரவைத்து, படிப்படியாக ஆழமாகும் 36 கேள்விகளைக் கொடுத்தார்கள். சுமார் 45 நிமிடம்தான். சும்மா பொதுப்பேச்சு பேசிய ஜோடிகளைவிட இவர்கள் ஒருவரையொருவர் மிக நெருக்கமாக உணர்ந்தார்கள். இந்தக் கேள்விகளைக் கேட்டால் காதல் பிறக்கும் என்ற பேச்சு பிற்பாடு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஆய்வு அளந்தது நெருக்கத்தைத்தான், காதலை இல்லை. இந்த வேறுபாடு முக்கியம். யாரிடமும் சொல்லாததை இரவு இரண்டு மணிக்கு ஒருவரிடம் சொல்லி, அவர் அதைப் பொறுமையாகக் கேட்டால், நெஞ்சில் ஏற்படும் வெதுவெதுப்பு உண்மையானது. அது மனம் திறந்ததால் வந்தது. அந்த இடத்தில் வேறொரு நல்ல நண்பர் இருந்திருந்தாலும் ஏறக்குறைய அதுவே வந்திருக்கும்.

மூன்றாவது, சேர்ந்து பதறுவது. உயரமான, ஆடும் தொங்குபாலத்தில் நடந்துவந்த ஆண்களையும், தாழ்வான உறுதியான பாலத்தில் வந்தவர்களையும் ஒரு பெண் பேட்டி கண்டு தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்த சோதனையை டட்டனும் ஆரனும் 1974-இல் வெளியிட்டார்கள். தொங்குபாலத்தில் வந்தவர்களே பிறகு அதிகம் அழைத்தார்கள். பயத்தால் அடித்துக்கொண்ட நெஞ்சை எதிரில் நின்ற பெண்ணால் அடித்துக்கொண்டதாக மனம் கணக்கு மாற்றி எழுதிக்கொண்டது என்பது அவர்கள் தந்த விளக்கம். தேர்வுக்கு முந்தின இரவு, மேடை ஏறும் முன்பான பத்து நிமிடம், கடைசி நாளில் முடித்த வேலை, குழுவோடு போன பயணம் போன்றவற்றுக்குப் பிறகு ஈர்ப்பு திடீரென்று தலைதூக்கினால், பதற்றத்துக்கு அதில் எவ்வளவு பங்கு என்று பார்க்க ஒரு வாரம் பொறுத்திருங்கள்.

நேரமும் சேர்கிறது. அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக மாற ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று ஜெஃப்ரி ஹால் மதிப்பிட்டார். அவ்வளவு நேரம் ஒருவரோடு இருக்கும்போது அவர் முகமே மாறித் தெரியும். ஆரம்பத்தில் கவனத்தில்கூட விழாத ஒருவர் ஆறு மாதம் கழித்து அழகாகத் தெரிவது கற்பனை அல்ல. பழக்கம் பார்வையை மாற்றுகிறது. ஒருவரையொருவர் நீண்ட காலம் அறிந்த பிறகு காதலிக்கத் தொடங்கிய ஜோடிகளிடம் தோற்றப் பொருத்தம் குறைவாக இருப்பதை 2015-இல் ஹன்ட், ஈஸ்ட்விக், ஃபின்கல் ஆகியோர் கண்டார்கள். அறிமுகமான வேகத்திலேயே காதலித்தவர்கள்தான் தோற்றத்தில் சரிசமமாக ஜோடி சேர்ந்திருந்தார்கள்.

எதிரில் இருப்பவரைத் தவறாகப் படிப்பது

பிரச்சினை ஈர்ப்பில் தொடங்குவதில்லை. "அவருக்கும் இருக்கிறது" என்று முடிவுகட்டும் இடத்தில் தொடங்குகிறது.

1982-இல் அன்டோனியா ஆபி செய்த சோதனை எளிமையானது. ஓர் ஆணும் பெண்ணும் ஐந்து நிமிடம் பேசினார்கள். இன்னோர் ஆணும் பெண்ணும் மறைவிலிருந்து பார்த்தார்கள். பேசிய ஆண், பார்த்த ஆண் இருவருமே அந்தப் பெண்ணின் நட்பான பேச்சில் பாலியல் ஆர்வத்தைக் கண்டார்கள். பெண்கள் அந்த அளவுக்குக் காணவில்லை. இதற்கு ஹேசல்டன், பஸ் இருவரும் 2000-இல் ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். இல்லாத விருப்பத்தை இருப்பதாக நினைப்பது, இருக்கும் விருப்பத்தைக் கவனிக்காமல் விடுவது என்ற இரண்டு தவறுகளில் எது குறைந்த நட்டம் தரும் என்று மனம் கணக்கிடுகிறது, அதன்படி சாய்கிறது என்பது அதன் சாரம். அந்த விளக்கத்தை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சாய்வு இருப்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது.

நண்பர்களிடையே இது எப்படி இருக்கிறது என்பதை ஏப்ரில் பிளெஸ்கி-ரெசெக் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. 88 இளம் ஆண்-பெண் நண்பர் ஜோடிகளைத் தனித்தனியே கேட்டார்கள். சராசரியாக ஆண்களுக்குத் தோழிமேல் ஈர்ப்பு கூடுதலாக இருந்தது. அதோடு, தோழிக்கும் தங்கள்மேல் ஈர்ப்பு இருப்பதாக உண்மையைவிட அதிகமாக நினைத்தார்கள். பெண்களோ தோழனுக்குத் தங்கள்மேல் இருந்த ஈர்ப்பைக் குறைத்து மதிப்பிட்டார்கள். அதாவது இரண்டு பேருமே தன் மனதில் உள்ளதை மற்றவர் மனதிலும் வைத்துப் பார்த்தார்கள். "அவளுக்கும் தெரியுமே, அப்புறம் ஏன் அப்படிப் பழகினாள்?" என்று அவன் குமுறுவதும், "அவன் அப்படி நினைப்பான் என்று எனக்குத் துளிகூடத் தெரியாது" என்று அவள் அதிர்வதும் இங்கிருந்துதான் வருகின்றன. பல சமயம் இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

இவை சராசரிகள். தனிப்பட்ட ஓர் ஆணையோ பெண்ணையோ வைத்து இதைத் தீர்ப்பாகச் சொல்ல முடியாது. ஒருதலையாக விரும்பும் பெண்களும் நிறைய உண்டு. விருப்பம் உள்ளவர், ஆணோ பெண்ணோ, எதிரிலும் அதையே காண்கிறார் என்று லெமே, உல்ஃப் இருவரும் 2016-இல் காட்டியிருக்கிறார்கள். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் மேற்கத்தியக் கல்லூரி மாணவர்களிடையே நடந்தவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். உடனே பதில் அனுப்புவது, இதய எமோஜி போடுவது, சிரிக்கும்போது தோளில் தட்டுவது, பிறந்தநாளுக்கு மெனக்கெட்டு ஏதாவது செய்வது எல்லாமே ஒரு நல்ல நண்பரும் செய்பவை. கேட்க வேண்டிய கேள்வி ஒப்பீட்டுக் கேள்வி: இதை அவர் மற்ற நண்பர்களுக்கும் செய்கிறாரா? எல்லோரிடமும் தோளில் தட்டிச் சிரிப்பவர் உங்களிடமும் தட்டினால் அதற்குத் தனி அர்த்தம் இல்லை. எல்லோரிடமும் ஒதுங்கி இருப்பவர் உங்களோடு மட்டும் தனியாக நேரம் தேடினால், அதுவும் பல வாரங்கள் தொடர்ந்து செய்தால், ஏதோ இருக்கலாம். "இருக்கலாம்" வரைக்கும்தான் கவனிப்பு கொண்டுபோய் விடும். அதற்கு மேல் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொல்வதற்கு முன்பு

ஈர்ப்பு தோன்றிய வாரமே எதையும் செய்யாதீர்கள். ஒரு மாதம் நல்ல அளவு. அந்த ஒரு மாதத்தில் நட்பை வழக்கம்போல நடத்துங்கள். கூட்டவும் வேண்டாம், முறுக்கிக்கொண்டு விலகவும் வேண்டாம். அதே நேரம், ஈர்ப்புக்குத் தீனி போடும் பழக்கங்களை மட்டும் குறையுங்கள். நள்ளிரவு மெசேஜ்கள், பழைய உரையாடல்களை மேலே போய்ப் படிப்பது, அவர் எப்போது ஆன்லைனில் வந்தார் என்று பார்ப்பது, ஸ்டேட்டஸில் போட்ட பாட்டு நமக்காகவா என்று ஆராய்வது. இவை நின்ற பிறகு ஈர்ப்பும் வாடினால், அதை வளர்த்தது இவைதான்.

நினைக்கவே கூடாது என்று உங்களையே அதட்டுவதால் பயன் இல்லை. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது திரும்பத் திரும்ப நினைவில் வந்ததை டேனியல் வெக்னர் 1987-இல் காட்டினார். ரகசியத்துக்கும் இதே குணம் உண்டு. 1994-இல் அவருடைய குழு நடத்திய ஒரு சோதனையில், சீட்டு விளையாடும்போது மேசைக்கடியில் யாருக்கும் தெரியாமல் காலோடு கால் தொட்டுக்கொள்ளச் சொல்லப்பட்ட ஜோடிகளுக்கு ஒருவர்மேல் ஒருவர் ஈர்ப்பு கூடியது. வெளிப்படையாகச் செய்தவர்களுக்கு அந்த அளவு இல்லை. எனவே உள்ளேயே பூட்டிவைத்துப் புழுங்குவதைவிட, வாய் காக்கக்கூடிய ஒருவரிடம் சொல்லிவிடுவது நல்லது. அவர் உங்கள் இருவருக்கும் பொதுவான நண்பராக இருக்கக் கூடாது. அண்ணனோ, அக்காவோ, வேறு வட்டத்து நண்பரோ இருக்கட்டும்.

ஈர்ப்பு சில சமயம் எல்லை தாண்டும். நாள் முழுக்க அவரே நினைவு, அவரது சின்ன அசைவையும் நம்பிக்கையாகவோ நிராசையாகவோ மாற்றிக்கொள்வது, படிப்பும் வேலையும் கெடுவது. டாரதி டெனோவ் 1979-இல் இந்த நிலையை லைமரன்ஸ் என்று பெயரிட்டு விவரித்தார். அதை வளர்ப்பது நிச்சயமின்மை: நம்பிக்கை கொஞ்சம், சந்தேகம் கொஞ்சம் இருக்கும்வரை அது எரிந்துகொண்டே இருக்கும். ஆம் அல்லது இல்லை என்று தெளிவாகத் தெரிந்தால் தணியத் தொடங்கும். இந்த நிலைக்குப் போனவர்கள் ஒரு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. தெளிவு பெறுவதே மருந்து. தூக்கமும் சாப்பாடும் கெட்டுப் பல வாரங்கள் ஆகியிருந்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

சொல்வதா, விடுவதா

லாரா குரேரோ, அலனா சாவேஸ் இருவரும் 2005-இல் ஆண்-பெண் நட்புகளை நான்கு நிலைகளாகப் பார்த்தார்கள்: இருவருக்கும் விருப்பம்; இருவருக்கும் இல்லை; எனக்கு இருக்கிறது, ஆனால் அவருக்கு இல்லை என்று நினைக்கிறேன்; அவருக்கு இருக்கிறது, ஆனால் எனக்கு இல்லை. நீங்கள் எந்தக் கட்டத்தில் இருப்பதாக நினைக்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். பிறகு அந்த நினைப்புக்கு ஆதாரமாக, அவர் வாயால் சொன்னதை மட்டும் எழுதுங்கள். தாள் பெரும்பாலும் காலியாக இருக்கும்.

சொல்லத் தேவையில்லாத சூழல்கள் உண்டு. வெறும் உடல் ஈர்ப்பு, அதுவும் தணிந்துவருகிறது என்றால் சொல்வதால் யாருக்கும் லாபம் இல்லை. அவர் வேறொருவரோடு காதலில் இருந்தால் சொல்ல வேண்டாம். அவருக்கு அண்மையில் ஒரு காதல் முறிந்து, நீங்கள்தான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இப்போது சொல்ல வேண்டாம். சொன்னால் அவருக்கு இருக்கும் ஒரே ஆறுதலும் போய்விடும். உங்கள் கையில் அவரது மதிப்பெண்ணோ வேலையோ இருந்தால் சொல்லவே கூடாது, ஏனென்றால் அவரால் பயமில்லாமல் மறுக்க முடியாது.

காதல் ஈர்ப்புதான், மாதம் கடந்தும் நிற்கிறது, மேலே சொன்ன தடைகள் இல்லை என்றால் சொல்லலாம். சொல்லும் விதத்தில்தான் பாதி இருக்கிறது. தனியாகச் சொல்லுங்கள், ஆனால் அவர் விரும்பினால் உடனே எழுந்து போகக்கூடிய இடத்தில். நீண்ட பயணத்தின் நடுவில், வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, உங்கள் வீட்டில் எல்லாம் வேண்டாம். நண்பர் கூட்டத்தின் நடுவே முழங்கால் போட்டு ப்ரபோஸ் செய்வது பார்ப்பவர்களுக்கு வேடிக்கை, கேட்பவருக்கு நெருக்கடி. வேண்டாம் என்று சொன்னால் கூட்டத்தின் முன் உங்களை அவமானப்படுத்தியவர் ஆகிவிடுவார் என்பதாலேயே அங்கே வரும் "ஆம்" நம்பத் தகுந்தது இல்லை. விலையுயர்ந்த பரிசோடு சொல்வதும் அப்படித்தான். மூன்றாவது ஆளைத் தூது அனுப்பாதீர்கள். தேர்வுக்கும் முக்கியமான வேலைக்கும் முந்தின நாள் வேண்டாம். மது அருந்திவிட்டுச் சொல்லவே சொல்லாதீர்கள். நேரில் சொல்ல நா எழவில்லை என்றால் மெசேஜ் தவறில்லை. யோசித்துப் பதில் சொல்ல அவருக்கும் அவகாசம் கிடைக்கும்.

வார்த்தைகள் குறைவாக இருக்கட்டும். இப்படி:

"உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். கொஞ்ச நாளா எனக்கு உன்மேல நட்பைத் தாண்டி ஒரு விருப்பம் இருக்கு. உனக்கும் அப்படி இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். இல்லைன்னா இல்லைன்னே சொல்லு. இப்பவே பதில் சொல்லணும்னு இல்ல."

இதில் மூன்று வேலைகள் நடக்கின்றன. விருப்பம் யாருடையது என்று தெளிவாகிறது, கேள்வி நேராகக் கேட்கப்படுகிறது, மறுக்க வழி திறந்து வைக்கப்படுகிறது. "நீ இல்லாம என்னால இருக்க முடியாது", "மூணு வருஷமா உனக்காக எவ்ளோ செஞ்சிருக்கேன்" போன்றவற்றைச் சேர்த்தால் மூன்றாவது வேலை கெட்டுவிடும். முதலாவது மிரட்டல், இரண்டாவது கடன் பத்திரம்.

உங்களிடம் ஒருவர் சொன்னால்

இந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. விரும்பியவரின் வலிக்குப் பாட்டும் கவிதையும் கொட்டிக் கிடக்கின்றன. மறுக்க வேண்டியிருப்பவருக்கு என்ன சொல்வதென்றே தெரிவதில்லை. ராய் பவுமைஸ்டரும் இரண்டு சக ஆய்வாளர்களும் 1993-இல் ஒருதலைக் காதலின் இரு தரப்பு அனுபவங்களையும் சேகரித்தபோது, மறுத்தவர்களிடம் குற்றவுணர்ச்சியும், எரிச்சலும், எப்படி மறுப்பது என்ற திகைப்பும் நிறைந்திருந்தன. விரும்பியவர்களில் பலர், தங்களுக்கு நம்பிக்கை ஊட்டப்பட்டது என்று எண்ணினார்கள். மறுத்தவர்களோ அப்படி ஊட்டவில்லை என்றார்கள். நடுவில் நடந்தது பெரும்பாலும் இதுதான்: மறுப்பவர் மனம் நோகக் கூடாது என்று மழுப்பினார், கேட்டவர் அந்த மழுப்பலுக்குள் நம்பிக்கையைத் தேடி எடுத்தார்.

அதனால் சொல்வதை ஒரே பொருள் வரும்படி சொல்லுங்கள். "நீ தைரியமா நேரா சொன்னது நல்லது. ஆனா எனக்கு உன்மேல அந்த மாதிரி எண்ணம் இல்ல." போதும். "இப்போதைக்கு இல்ல", "படிப்பு முடியட்டும்", "வீட்ல ஒத்துக்க மாட்டாங்க", "உனக்கு என்னைவிட நல்ல ஆள் கிடைப்பாங்க" என்பவை இதமாகத் தோன்றினாலும், ஒவ்வொன்றும் ஒரு தடையைத்தான் சொல்கிறது. தடை நீங்கினால் சரிவரும் என்று கேட்பவர் கணக்குப் போடுவார், வருடக்கணக்கில் காத்தும் இருப்பார். உண்மையிலேயே யோசிக்க நேரம் வேண்டும் என்றால் ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்றேன்."

அவர் சொன்னதை மற்ற நண்பர்களிடம் பரப்பாதீர்கள். அந்த மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். நீங்கள் பயந்தாலோ, அவர் விடாமல் துரத்தினாலோ நிலைமை வேறு. அப்போது நம்பகமான பெரியவரிடம் சொல்வதும் சாட்சிகளைச் சேர்த்து வைப்பதும் உங்கள் உரிமை.

"இல்லை" என்ற பதிலுக்குப் பிறகு

அதை ஒருமுறை கேட்டால் போதும். மீண்டும் கேட்பது, பரிதாபத்தைத் தூண்டுவது, அவர் தோழிகளை வைத்துப் பேசச் சொல்வது, பின்தொடர்வது ஆகியவற்றுக்கு விடாமுயற்சி என்று பெயர் வைத்தாலும் அவை தொல்லைதான்.

நட்பு தொடருமா என்பது இனி இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. முதலாவது இடைவெளி. "நாம எப்பவும்போல ஃப்ரெண்ட்ஸ்" என்று மறுநாளே பழையபடி தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலும் காயம் ஆறுவதே இல்லை. நான்கு முதல் எட்டு வாரம் தனிப்பட்ட பேச்சை நிறுத்திவைப்பது நல்லது. காரணத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்: "எனக்குக் கொஞ்ச நாள் தள்ளி இருக்கணும், கோவம் எதுவும் இல்ல." சொல்லாமல் விலகினால் மறுத்தவர் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்வார். குழுவில் பார்க்கும்போது சாதாரணமாக வணக்கம், சிரிப்பு, பொதுப்பேச்சு. அவ்வளவே.

இரண்டாவது, எதற்காகத் திரும்பி வருகிறீர்கள் என்பது. மனம் மாறுவார் என்ற எதிர்பார்ப்போடு நண்பராகத் தொடர்ந்தால், ஒவ்வொரு உதவியும் உள்ளுக்குள் வரவு வைக்கப்படும். ஒருநாள் அவர் வேறொருவரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தக் கணக்கு கசப்பாக வெடிக்கும். "என்னை ஃப்ரெண்ட்ஜோன் பண்ணிட்டா" என்ற புலம்பலில் பெரும்பகுதி இந்தக் கணக்குதான். அவருடைய புதுக் காதலைப் பற்றி அவரே பேசினால் உட்கார்ந்து கேட்க முடியுமா? முடியும் என்றால் திரும்பலாம். முடியாது என்றால் இன்னும் சில மாதம் தள்ளி இருப்பது இரண்டு பேருக்கும் நல்லது. நட்பை விட்டுவிடுவதும் தவறான முடிவு இல்லை.

இருவருக்கும் இருந்தால்

நட்பிலிருந்து காதலுக்குப் போவது அபூர்வம் என்ற எண்ணம் தவறு. டானு ஸ்டின்சன் குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 1,900 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் தங்கள் உறவு நட்பாகத்தான் தொடங்கியது என்றார்கள். அதில் ஒரு பகுதியான கல்லூரி மாணவர்களிடம் விரிவாகக் கேட்டபோது, காதலாக மாறும் முன்பு சராசரியாக 22 மாதம் நண்பர்களாக இருந்திருந்தார்கள். பெரும்பாலோர் காதல் எண்ணத்தோடு நட்பைத் தொடங்கியவர்களும் இல்லை. நீங்கள் பேசித் தீர்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: பிரிய நேர்ந்தால் பொது நண்பர்களிடம் எப்படி நடந்துகொள்வோம் என்பது. சங்கடமான பேச்சுதான், ஆனால் நன்றாக இருக்கும்போதுதான் இதைப் பேச முடியும்.

பார்ப்பவர்கள்

ஆண்-பெண் நட்பு சந்திக்கும் சவால்களை 1989-இல் பட்டியலிட்ட ஓ'மியாரா, பார்ப்பவர்களுக்கு இந்த நட்பை விளங்கவைக்க வேண்டிய சுமையையும் அதில் சேர்த்தார். நண்பர் குழுவின் கிண்டல் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. இருவர் பெயரையும் சேர்த்துத் தினமும் கலாய்த்தால், இல்லாத எண்ணத்தைக்கூட ஒருவர் மனதில் விதைக்க முடியும். அது மற்றவர் மனதில் முளைக்காதபோது அந்த ஒருவர் மட்டும் அடிபடுவார். பிடிக்கவில்லை என்றால் முதல் வாரத்திலேயே, சிரிக்காமல், "இப்படிக் கூப்பிடாதீங்க" என்று சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே மறுத்தால் அதை ஒப்புதலாகவே எடுத்துக்கொள்வார்கள்.

காதலனோ காதலியோ உள்ள ஒருவருக்கு நண்பர்மேல் லேசான ஈர்ப்பு வந்தால் அது துரோகம் ஆகாது. முன்பு சொன்ன காரணங்களே இங்கேயும் வேலை செய்கின்றன. ஆனால் அந்த நண்பரோடு பேசியதை அழிக்க ஆரம்பித்தால், சந்திப்பை வேறு பெயரில் சொல்ல ஆரம்பித்தால், காதலரிடம் சொல்ல வேண்டிய வருத்தத்தை முதலில் இங்கே கொட்டத் தொடங்கினால், மேசைக்கடியில் கால் தொட்ட அந்தச் சோதனையின் நிலைமையை நீங்களே உருவாக்குகிறீர்கள். மறைப்பு ஈர்ப்பை வளர்க்கும், வளர்ந்த ஈர்ப்பு இன்னும் மறைக்கச் சொல்லும். வெட்டுவதற்கு எளிதான இடம் மறைப்புதான். அடுத்த சந்திப்பை முன்கூட்டியே காதலரிடம் சொல்லிவிடுங்கள், முடிந்தால் அவரையும் கூட்டிப் போங்கள்.